எலியின் சிறுநீர்ப்பையும் அப்பாவின் தூக்கமும்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன். கை நடுக்கம் மாத்திரையில் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் ராத்திரி நாலைந்து தடவை யூரின் போக எழுந்துவிடுகிறார், பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் சில நாள் வேட்டி நனைந்துவிடுகிறது. வயசானால் அப்படித்தான் என்கிறார்கள் உறவுக்காரர்கள். இதற்காக எலி, குரங்குகளை வைத்து ஆராய்ச்சி நடப்பதாகப் படித்தேன். அவற்றுக்கு வருவதும் அப்பாவுக்கு வருவதும் ஒன்றா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வயசு மட்டும் காரணம் இல்லை, சகோதரி. அதை நமக்குத் தெளிவாகக் காட்டியதே அந்த விலங்குகள்தான்.

1982-இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று அசைய முடியாமல், பேச முடியாமல் சிலைபோல உறைந்துபோனார்கள். திருட்டுத்தனமாகத் தயாரித்த ஹெராயின் மாதிரியான போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் மூளையில் டோபமின் (நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் ரசாயனம், பார்க்கின்சனில் குறைவதும் இதுதான்) சுரக்கும் செல்களை அழித்துவிட்டது என்பதை வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் கூட இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். அதையே குரங்குக்குக் கொடுத்தபோது அதற்கும் அதே விறைப்பு, அதே மந்தம். அப்புறம்தான் சிலர் அதன் சிறுநீர்ப்பையைக் கவனித்தார்கள். மெல்லிய குழாய் வழியாக உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு அழுத்தத்தை அளப்பார்கள். நல்ல குரங்கின் பை நிரம்பும்வரை பொறுமையாக விரிந்து கொடுக்கும், டோபமின் இழந்த குரங்கின் பையோ பாதியிலேயே சுருங்கி வெளியே தள்ளப் பார்க்கும். உங்கள் அப்பாவுக்கு ராத்திரி நடப்பதும் பெரும்பாலும் இதுதான். 'இப்போது வேண்டாம், பொறு' என்று பையை அடக்கிவைக்கிற மூளையின் பிடி தளர்ந்துவிட்டது.

அந்தக் குரங்குகளில் இன்னொன்றும் தெரிந்தது. டோபமினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் டி1 வகையைத் தூண்டினால் பை அமைதியாகிறது, டி2 வகையைத் தூண்டினால் இன்னும் சீக்கிரமாகவே சுருங்குகிறது. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை நடுக்கத்தைக் குறைத்தாலும் யூரின் தொல்லையில் ஒருவருக்கு நன்மையும் இன்னொருவருக்குத் தொந்தரவுமாக இருப்பது ஏன் என்பதற்கு இதில் ஒரு துப்பு கிடைக்கிறது.

எலியிடம் எம்.பி.டி.பி. சரியாக வேலை செய்யாது, அதனால் 6-ஹைட்ராக்சிடோபமின் என்ற வேறொரு நஞ்சை நேராக மூளையிலேயே செலுத்துகிறார்கள். அதற்கும் பையின் கொள்ளளவு குறைந்து அடிக்கடி சிறுநீர் போகிறது.

சரி, அப்போது இரண்டும் ஒன்றுதானா? இல்லை. நஞ்சு சில நாளில் செல்களைக் கொன்றுவிடும், மனிதருக்கோ இது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிறது, ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் மூளையில் மட்டுமல்லாமல் குடல், சிறுநீர்ப்பை பக்கத்து நரம்புகளிலும் படிகிறது. நஞ்சு கொடுத்த விலங்கில் அந்த முழுப் படமும் வராது. தவிர, எலி ராத்திரியில் ஓடியாடிப் பகலில் தூங்குகிற பிராணி, தூக்கம் கலைந்து எழுகிற அவஸ்தையை அதனிடம் அப்படியே பார்க்க முடியாது. அவசரமாக வருகிறதா என்று கேட்டால் பதில் சொல்லவும் அதற்குத் தெரியாது. அதனால் எலியில் பலித்த மருந்து உடனே அப்பாவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் இப்போதே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், நிறைய வீடுகளில் நடுக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை மறைத்துவிடுகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. தொற்று இருக்கிறதா, புராஸ்டேட் வீங்கியிருக்கிறதா, யூரின் போன பிறகும் பையில் மிச்சம் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பையை அடக்கும் மாத்திரைகளில் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை மூளைக்குள்ளும் போய் ஞாபகத்தைக் குழப்பலாம், மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது. எது பொருந்தும் என்று கேட்டே தொடங்குங்கள். தண்ணீரை நாள் முழுக்கக் குறைக்க வேண்டாம், மலச்சிக்கல் கூடிவிடும். சாயங்காலத்துக்குப் பிறகு மட்டும் குறைத்தால் போதும். கட்டில் பக்கத்திலேயே யூரின் பாட்டிலும் ஒரு சின்ன விளக்கும் இருக்கட்டும், ஏனென்றால் இருட்டில் அவசரமாக எழுந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது. மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு போனார் என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.