2001-ல் எழுதிய பில்லிங் புரோகிராமை மாற்ற 4 லட்சம் கேட்கிறார்கள். பாதுகாப்புக்காக அவ்வளவு செலவழிக்கலாமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் மாமா கடைதான் கண்முன் வந்து நின்றது. உங்களிடம் இருப்பதும் ஃபாக்ஸ்ப்ரோ (பழைய டேட்டாபேஸ் மென்பொருள்) பில்லிங், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர், திண்டுக்கல்லில் மொத்த வியாபாரம், "என்றைக்காவது ஹேக் ஆகிவிடும், புதுசுக்கு மாறுங்க" என்று வாசலில் வந்து நிற்கும் விற்பனைப் பிரதிநிதி. ஊரை மட்டும் மாற்றினால் அப்படியே எங்கள் கதை.

எங்களுக்கு மதுரை கீழமாசி வீதி. வற்றல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம். சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரு சார் 2002-ல் கடையிலேயே உட்கார்ந்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய முறை) புரோகிராம். கறுப்புத் திரை, பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எங்கள் கணக்குப்பிள்ளை வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் பில் போடுவார். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் இன்றைய மென்பொருள் எதுவும் நிற்காது. சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

2019 தீபாவளிக்கு 9 நாள் இருந்தது. காலையில் மாமா போன்: "மருமகனே, பொட்டி என்னமோ இங்கிலீசுல லெட்டர் எழுதிருக்குப்பா. வந்து பாரு."

போய்ப் பார்த்தால் எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடக்கிறது. பிட்காயினில் பணம் அனுப்பினால் பூட்டிய ஹேக்கர் சாவி தருவானாம். தினமும் பேக்கப் எடுத்த பென்டிரைவ் அந்தக் கம்ப்யூட்டரிலேயே மாதக்கணக்கில் சொருகியிருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. எப்படி உள்ளே வந்தான் என்று தேடியதில், பழைய ஃபாக்ஸ்ப்ரோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வீஸ் பார்க்கிற பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வழி) இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தான். பாஸ்வேர்டு, கடைப் பெயரும் 123-ம்.

நாங்கள் பணம் அனுப்பவில்லை. ஆடிட்டர் ஆபீசில் மார்ச் மாதக் கணக்கின் நகல் இருந்தது. அதற்குப் பிறகானதை பில்லின் கார்பன் காப்பிகளையும் கைச்சிட்டையையும் வைத்து 11 நாள் உட்கார்ந்து டைப் அடித்தோம். இடையில் பில் எல்லாம் கையெழுத்தில்தான்.

இந்த 11 நாளில் எனக்குப் புரிந்த ஒன்றைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். புதுசு விற்க வருகிறவர்கள் "ஒரு நாள் கடை நின்றால் எவ்வளவு நஷ்டம் பாருங்க" என்று விற்பனைத் தொகையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். மாமாவுக்கு அப்போது வருஷம் ஏறக்குறைய மூன்றரைக் கோடி விற்பனை. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் மொத்த வியாபாரத்தில் நிற்கும் லாபம் 3 சதவீதம் என்றால் ஒரு நாள் நஷ்டம் 3,500 ரூபாய் சுமாருக்குத்தான். சரக்கும் குடோனில் பத்திரமாகவே இருக்கிறது, நாளைக்கு விற்கும்.

அடி விழுந்தது வேறு இடத்தில். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கி மட்டும் 43 லட்சம். அந்தப் பேரேடு அந்தப் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் இல்லை. வசூல் லைனுக்குப் போன ஆள் ஒவ்வொரு கடையிலும் "அண்ணாச்சி, நம்ம பாக்கி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு நின்றார். பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் எங்கள் கார்பன் காப்பிக் கணக்கைவிட 6,000 அதிகமாகக் கொடுத்தார். காணாமல் போன பில் ஒன்று அவரிடம் இருந்தது! சிலர் "போன மாசமே செட்டில் பண்ணிட்டேனே" என்றார்கள். அப்படிக் கரைந்தது 1,80,000 ரூபாய்.

குறைந்த வியாபாரத்தில் 20,000. டைப் அடித்த கூலி, புதுக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 40,000. மொத்தம் 2,40,000. இப்படி ஒரு அடி 8 வருஷத்துக்கு ஒரு தடவை விழும் என்று வைத்தால் வருஷத்துக்கு 30,000 ரூபாய் எதிர்பார்க்கும் நஷ்டம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கார்டன், லோப் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2002-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பலவிதமான நிலைமைகளை வைத்துப் பார்த்ததில், ஒன்றைக் காப்பாற்றச் செய்யும் செலவு அதன் எதிர்பார்க்கும் நஷ்டத்தில் 37 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை என்று வந்தது. எங்களுக்கு அது வருஷம் 11,100 ரூபாய். 8 வருஷம் என்பது என் ஊகம்தான், 4 என்று போட்டாலும் 22,200. 4 லட்சம் எங்கே, இது எங்கே?

நாங்கள் செய்த முதல் காரியம் சனிக்கிழமைதோறும் முழுப் பாக்கிப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து மாமாவின் இரும்புப்பெட்டியில் வைப்பது. காகிதச் செலவைத் தவிர வேறில்லை. கடையின் உயிர் அந்தப் பட்டியல்தான் என்று தெரிந்த பிறகு அதைக் கம்ப்யூட்டரை நம்பி மட்டும் விட மனசு வரவில்லை. அடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க், எட்டாயிரத்துச் சொச்சம். ஒன்று கடையில் இருந்தால் மற்றது நரிமேட்டில் வீட்டில் இருக்கும். காப்பி முடிந்த நிமிஷமே கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். பில் போடும் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. ஜிஎஸ்டி, பேங்க் வேலைக்கு வேறொரு பெட்டி.

பேக்கப் எடுப்பவர்கள் நிறையப் பேர், அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. முதல் தடவை என் லேப்டாப்பில் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது பாதி டேபிள் (கணக்கு விவரப் பட்டியல்) திறக்கவே இல்லை. சர்வீஸ் பையன் எழுதி வைத்த, தானாகக் காப்பி எடுக்கும் பேட்ச் ஃபைல், டேபிள் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை மட்டும் காப்பி அடித்துக்கொண்டிருந்தது. மெமோ விவரம் இருக்கும் எஃப்பிடி கோப்புகளை விட்டுவிட்டது. அவை இல்லாமல் அந்த டேபிள் வேலை செய்யாது. அதாவது பென்டிரைவ் பூட்டாமல் தப்பித்திருந்தாலும் எங்களுக்கு அரைக் கணக்குதான் கிடைத்திருக்கும். உங்கள் வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்து பாருங்கள்.

அந்தப் பையன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கதவைத் திறந்து வைத்த வசதி அவனுக்கு, அதனால் வந்த நஷ்டம் எங்களுக்கு. அவன் ஏன் மெனக்கெட்டு மூடுவான்? கேம்பிரிட்ஜில் இருந்த கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன் 2001-ல் ஏடிஎம் மோசடியை வைத்து இதைக் காட்டினார். அமெரிக்காவில் வாடிக்கையாளர் "நான் எடுக்கவில்லை" என்றால் தப்பு அவருடையது என்று வங்கிதான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தப் பாரம் நெடுநாள் வாடிக்கையாளர் தலையில் இருந்தது. அதனால் பிரிட்டிஷ் வங்கிகள் அசட்டையாகின, பாதுகாப்புக்குக் கூடுதலாகச் செலவழித்தும் மோசடி அங்கேதான் அதிகமாக இருந்தது. நஷ்டத்தைச் சுமக்கிறவன் கையில்தான் பூட்டு ஒழுங்காக இருக்கும். இப்போது எங்கள் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தாளில் ஒரு வரி உண்டு: நாங்கள் கூப்பிடாமல் ரிமோட் இணைப்பு திறந்திருந்தால் அந்தக் காலாண்டுப் பணம் கிடையாது. பையன் முகம் சுளித்தான், கையெழுத்துப் போட்டான்.

அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-லேயே கை கழுவிவிட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸில் உங்கள் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது, அதனால் அந்தப் பழைய பெட்டி செத்தால் மாற்றுப் பெட்டி தேடி அலைய வேண்டும். எழுதிய ஆள் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் சார் கோயம்புத்தூர் போய்விட்டார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அவரைப் போனில் கெஞ்சித்தான் வரிக் கட்டம் சேர்த்தோம். மாறுவதற்கான நியாயமான காரணம் இவைதான். இதை வியாபாரச் செலவாக எடை போடுங்கள். ஹேக்கர் பயத்தைக் காட்டி வாங்க வைக்க விடாதீர்கள்.

ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். கண்மாய்க்கரைப் பனைமரத்தில் காக்கை போட்ட ஆலம்விதை முளைத்து, மெல்ல மெல்ல வேர் இறக்கி, கடைசியில் பனை உள்ளேயே பட்டுப்போக ஆல் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியக் காட்டில் அதே மாதிரி மரத்தைப் பார்த்துவிட்டு மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004-ல் பழைய மென்பொருளைப் படிப்படியாக மாற்றும் முறைக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார். நாங்கள் முதலில் பாக்கிப் பேரேட்டை மட்டும் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குக் கொண்டுபோனோம். பில் பழைய திரையிலேயே. சாயங்காலம் அன்றைய டிபிஎஃப் கோப்பிலிருந்து டேலிக்கு ஏற்ற நான் எழுதிய சின்னப் புரோகிராம் ஒன்று. பிறகு கொள்முதல், பிறகு இருப்பு. பில்லிங் கடைசி. கணக்குப்பிள்ளை நாலு மாசம் முரண்டு பிடித்தார், அவர் விரல் பழகிய சாவிகளையே புதிதிலும் அமைத்துக் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார். மொத்தம் 14 மாதம். பழைய பெட்டி இன்னும் மூலையில் இருக்கிறது, நெட்டும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் பழைய கணக்கைக் காட்டக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும்.

கிளவுட் என்று சொன்னால் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: சந்தாவை நிறுத்தினால் என் முழுக் கணக்கும் எக்செல்லில் கைக்கு வருமா? மழுப்பினால் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வருஷ விற்பனை எவ்வளவு என்று கேள்வியில் இல்லை. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல், வரி உள்ள சரக்குக்கு ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்) கட்டாயம். வரிவிலக்கு உள்ள சரக்கின் விற்பனையும் அந்த 5 கோடியில் சேரும், பருப்புக்காரர்கள் பலர் இதில்தான் தவறுகிறார்கள். தாண்டிவிட்டீர்கள் என்றால் மேலே சொன்ன 14 மாத நிதானம் உங்களுக்குக் கிடையாது, பில்லிங்கில் இருந்தே தொடங்குங்கள்.