போன் பேட்டரி வேறு, ஸ்பிரேயர் பேட்டரி வேறு

கேள்வி: போன் வாங்கி ரெண்டரை வருஷம். காலையில் நூறு காட்டுகிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருபதுக்கு வந்துவிடுகிறது. சார்ஜை ஒட்ட இறக்கிவிட்டுப் போட்டால்தான் பேட்டரி உழைக்கும் என்று கடையில் சொன்னார்கள். போனுக்கும் வயலுக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்கும் அப்படியேதான் செய்தேன், இரண்டும் போச்சு. ஏன்?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: அந்த யோசனை நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தது. உங்கள் போனில் இருப்பது லித்தியம் அயான், 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதற்கு ஒட்ட இறங்குவதும் ஆகாது, எந்நேரமும் நூறிலேயே கிடப்பதும் ஆகாது. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் போதும்.

சார்ஜ் ஏறுவது, இறங்குவது என்பதெல்லாம் உள்ளே லித்தியம் அயனிகள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வருவதுதான். அதில் கிராஃபைட் என்கிற கரியால் ஆன முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று படியும். கொஞ்சம் படிவது நல்லதே, ஆனால் வருஷக்கணக்கில் அது தடித்துக்கொண்டே போய் லித்தியத்தைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது, பிடிபட்டது திரும்பி வராது, அதனால்தான் கொள்ளளவு குறைகிறது. சும்மா வைத்திருந்தாலும் மெதுவாக இது நடக்கும். சாதாரணமாக 500 முழுச் சுற்றைத் தாண்டும்போது கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதமாக இறங்கும், புதிய போன்கள் சில இன்னும் தாங்கும். சுற்று என்றால் பிளக்கில் மாட்டுகிற தடவை இல்லை. இன்று 50, நாளை 50 செலவானால் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று.

ஆனால் நம் பக்கத்தில் பேட்டரியைக் கொல்வது வெயில்தான் என்பேன். டிராக்டர் டேஷ்போர்டில், களத்தில் நெல் காயும் தார்ப்பாயில், தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போட்டபடி என்று போனை வைத்தால், சூட்டில் அந்தப் படலம் இன்னும் வேகமாக வளரும். ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்தால் வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்பிரேயர் கதை தலைகீழ். அதில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி, சில புது மாடல்களில் மட்டும் லித்தியம். ஈய அமிலத்தை இறங்கிய நிலையிலேயே போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து மறுபடி சார்ஜ் ஏறாது. தை அறுவடையோடு மூலையில் போட்டு, மேட்டூர் திறந்த பிறகு குறுவைக்கு வெளியே எடுக்கிறோம் இல்லையா, அந்த நாலைந்து மாதத்தில்தான் அது சாகிறது. வேலை முடிந்ததும் முழுசாக சார்ஜ் போட்டு வையுங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். வாங்கும்போது எந்த வகை என்று கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: பழைய போனின் பின்பக்கம் உப்பி, மூடி கிளம்பி நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பரவாயில்லையா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது அம்மா. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. இன்றைக்கே நிறுத்துங்கள்: சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள், பழையதை வாங்கிக்கொள்ளவும் சொல்லுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் வீடுகளும் இருக்கின்றன, அது மட்டும் வேண்டவே வேண்டாம்.