கணினி கேள்வி-பதில்: ஓவர்கிளாக் செய்யலாமா?

கேள்வி: அண்ணா, காவேரிப்பட்டணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, வேகம் 3200 என்று போட்ட 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. ஃபேன், ப்ராசசரோடு வந்ததுதான். ஓவர்கிளாக் செய்தால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) சீக்கிரம் முடியும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி ஸ்பீடு எவ்வளவு என்று பாருங்கள் தம்பி. கிருஷ்ணகிரியில் என்னிடம் வருகிற அசெம்பிள் மெஷின்களில் 2133, 2400 என்று காட்டுவதுதான் அதிகம். 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு அதைத் தூங்கவிட்டிருப்பார்கள். பயாஸில், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் போர்டின் செட்டிங் பக்கத்தில், ரேமை அதன் மேல் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்று இருக்கும், சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. அதை ஆன் செய்யுங்கள். ரைசனில் கோர்களையும் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) ரேமையும் இணைக்கும் உள்பாதை ரேமின் வேகத்தோடுதான் ஏறும். அதனால் அதுவும் சேர்ந்து வேகமாகும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், ப்ராசசரிலிருந்து எண்ணி 2, 4-ல் ரேம் இருக்கட்டும்.

அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கிவிடுங்கள். ரேம் தப்புச் செய்தால் மெஷின் உடனே நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்த மாதிரியே இருக்கும், தாலி கட்டும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். பெண் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது?

எக்ஸ்எம்பி போட்டதும் திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள வட்டப் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டினால் பழைய செட்டிங் வந்துவிடும்.

ப்ராசசரைத் தொடாதீர்கள். அது 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து தேவைக்குத் தக்கபடி தானே 4.2 வரை ஏறும். எல்லாக் கோரையும் 4.1-ல் கட்டிப்போட்டால் ரெண்டரில் கொஞ்சம் நேரம் மிச்சமாகலாம். ஒற்றைக் கோர் வேலைக்கு இருந்த 4.2 போய்விடும். வோல்டேஜை 1.2-லிருந்து 1.35-க்கு ஏற்றினால், அதே வேகத்திலேயே சூடு கால் பங்குக்கு மேல் கூடும். 95 டிகிரியைத் தொட்டால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், ஷீட் கூரைக்குக் கீழே, அந்தச் சின்ன ஃபேன் என்ன செய்யும்? ஓவர்கிளாக்கால் கெட்டதென்றால் வாரண்டியும் கிடையாது.

அதைவிட, ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். நம் பக்கம் கிரானைட் பட்டறை அருகில் இருக்கும் கடைகளில் வெள்ளைத் தூள் மாவு மாதிரி அடைத்திருக்கும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். ப்ராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஐ5 12400, எச்610 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ரேம். ஓவர்கிளாக் ஆப்ஷனையே காணோமே?

பதில்: இருக்காது சார். இன்டெலில் அதற்குப் பெயரின் கடைசியில் கே போட்ட ப்ராசசரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். காலி ஸ்லாட்டில் அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி போடுங்கள், இரண்டு ரேமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரட்டைச் சேனலில் ஓடும்.