பால்காய்ப்புக்கு என்ன பாட்டு? கேள்வி பதில்

தை மாதம் வந்தால் நம் கன்னியாகுமரிப் பக்கம் பால்காய்ப்பு, அதாவது புது வீடு குடிபுகும் சடங்கு, வரிசையாக வரும். புது வீட்டில் தங்கியிருக்கும் கெட்டதை இசையால் போக்க முடியுமா, எப்படி என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா சுசீந்திரம் பக்கத்துக் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தவர். நானும் பதினாறு வயதில் குழலை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலத்திலும் முகூர்த்த நாளில் அதைக் கீழே வைத்ததில்லை. இந்த இரண்டு வேலையிலும் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன். ஜாதகம், வாஸ்து, செய்வினை பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

பார்வதிபுரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, எந்த ராகம் வாசித்தால் வீட்டிலுள்ள எதிர்மறை ஆற்றல் போகும்?

தம்பி, மேளக்காரர்கள் வழக்கமாகப் போகிற வழியைச் சொல்கிறேன். நாட்டையில் ஆரம்பம். விடியும் முன்பு என்றால் பௌளி, பூபாளம். வெளுத்த பிறகு மலயமாருதம், பிலஹரி. பிள்ளையாருக்கு ஹம்சத்வனி. பால் பொங்குகிற நேரத்தில் கெட்டிமேளம், பெண்கள் குரவை. பிறகு மோகனம், கல்யாணி என்று சந்தோஷமாக முடிப்போம்.

ஆனால் இந்த ராகம் இந்தத் தோஷத்துக்கு என்று மருந்துச் சீட்டு எழுதித் தர என்னால் முடியாது. நான் கண்டது வேறு. இரண்டு வருடமாக அந்த மனையில் கேட்டதெல்லாம் கொத்தனார் சத்தம், டைல் வெட்டுகிற மெஷின், காசு விஷயத்தில் தகராறு, வங்கிக் கடனைப் பற்றி ராத்திரி போனில் பேசிய பேச்சு. வீட்டுக்காரர் முகத்திலேயே அது இருக்கும். ஊதுகிற நாணலான சீவாளியை நாக்கில் நனைத்து, குழலில் செருகி, வெறும் ஹாலில் முதல் ஸட்ஜமம், அதாவது ‘ஸ’, பிடிக்கும்போது அந்த மனிதரின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை அல்ல, நாற்பது வருடமாக. அதை நீங்கள் ஆற்றல் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

குழித்துறையிலிருந்து ஒரு தங்கை: வீடு முடிந்து விட்டது, சாமான் இன்னும் கொண்டுவரவில்லை. ராத்திரி படுத்துப் பார்த்தோம். பேசினால் யாரோ திருப்பிப் பேசுவது மாதிரி இருக்கிறது. தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு ரீங்காரம். பயமாக இருக்கிறது. என்ன இசை போடலாம்?

பயப்பட வேண்டாம் மக்களே. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தை வைத்துக் காசு பார்க்கிறவர்கள் உண்டு.

நடு ஹாலில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். ‘டர்ர்ர்’ என்று நடுங்கி அடங்கும். எதிரெதிராக இருக்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கு இடையில் ஒலி பந்து மாதிரி போய் வருகிறது. பூச்சு, டைல், கண்ணாடி எதுவும் ஒலியை உறிஞ்சாது. துணி உறிஞ்சும், மெத்தை உறிஞ்சும், மனித உடம்பு நன்றாகவே உறிஞ்சும். 1895 வாக்கில் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒன்றும் புரியாமல் எதிரொலித்தது. சபைன் என்ற பேராசிரியர் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். ஐந்து நொடிக்கு மேல் நின்ற ஒலி, மெத்தை கூடக் கூடக் குறைந்து வந்தது. உங்கள் வீட்டில் மெத்தையும் திரைச்சீலையும் துணி அலமாரியும் வந்ததும் அந்தத் ‘திருப்பிப் பேசுகிறவர்’ போய்விடுவார்.

இனி மூலை. 12 அடி நீள அறை, நொடிக்கு ஏறக்குறைய 47 அதிர்வு உள்ள ஒலியைத் தானாகவே பெருக்கிக் காட்டும். அது சுவரை ஒட்டியும் மூலையிலும்தான் கூடுதலாகக் கேட்கும், நடு அறையில் அமுங்கிவிடும். நம் வீட்டு மின்சாரம் 50 அதிர்வு. மொட்டை மாடியிலோ பக்கத்து வீட்டிலோ மோட்டார் ஓடினால் அந்த முனகல் மூலையில் வந்து உட்காரும். அடுத்த தடவை ரீங்காரம் கேட்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நின்றால் சத்தம் உங்கள் வீட்டுடையது, நிற்காவிட்டால் தெருவுடையது.

தலைவலி இருந்தால் அது புது பெயின்ட் வாடையால் இருக்கலாம். ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, பூச்சு காய நாளாகும். காயாத சுவரின் ஈர வாடையையும் பலர் வேறு எதுவோ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், வீடு மார்த்தாண்டத்தில்: வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டைச் சுத்தப்படுத்தும் இசை என்று எட்டு மணி நேரப் பதிவு ஒன்று இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பூட்டிவிடலாமா?

வேண்டாம். சார்ஜரில் மாட்டிய போனை ஆளில்லாத வீட்டில் நாள் கணக்கில் ஓடவிடுவது ஆபத்து. அதோடு, கேட்க ஆளில்லாத இடத்தில் பாட்டு எதற்கு? வாரம் ஒரு தடவை அக்காவையோ சித்தியையோ போய்க் கதவைத் திறந்து, விளக்கு வைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வரச் சொல்லுங்கள்.

வடசேரியிலிருந்து ஒரு மாணவர்: 432 அதிர்வுதான் இயற்கையானது, 528 மரபணுவையே சரிசெய்யும், 440-ல் பாடுவது கெடுதல் என்கிறார்களே ஐயா?

440 என்பது மேற்கத்திய வாத்தியக் குழுக்கள் சேர்ந்து வாசிக்க வசதியாக வைத்துக்கொண்ட ஒரு பொது அளவு. 1939-ல் லண்டனில் கூடி ஒத்துக்கொண்டார்கள். நம் சங்கீதத்தில் ஸட்ஜமம் எங்கே என்பது பாடுகிறவர் தொண்டையைப் பொறுத்தது. சுருதியைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். ஆண் ஒரு கட்டையில் பாடுவார், பெண் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். நாதஸ்வரமே மாறியது. முன்பு உச்சத்தில் கத்துகிற திமிரி, பிறகு டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நீளமான, இறங்கிய சுருதி உள்ள பாரி. திமிரி வாசித்த வீடெல்லாம் கெட்டா போயின? 528 மரபணுவைச் சரிசெய்யும் என்பதற்கு அடிப்படையே இல்லை. சொல்கிறவர் என்ன விற்கிறார் என்று பாருங்கள்.

இரணியலிலிருந்து: போனில் மந்திரம் ராத்திரி முழுக்க ஓடலாமா?

மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

குளச்சலிலிருந்து ஒரு சகோதரர்: எங்கள் வீடு மந்திரிப்புக்கு அருள்தந்தை வருகிறார். நாதஸ்வரம் எங்களுக்குப் பொருந்துமா? பாடல் சொல்லுங்கள்.

தாராளமாகப் பொருந்தும். கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணங்களிலும் நான் வாசித்திருக்கிறேன். பாடல்களை அருள்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சடித்திருக்கும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகங்களில் கட்டிய பாட்டுகள் அவை. பெரியவர்கள் அவற்றை மைக் இல்லாமல், தாளம் போட்டுப் பாடினால் வீடு நிறையும். கீபோர்டும் பெரிய பாக்ஸும் எதற்கு?

தக்கலையிலிருந்து: வீடு கட்டினால் நாங்கள் நபிகளைப் புகழும் மௌலூது ஓதுவோம். அதற்குப் பின் இசை வைக்கலாமா?

இதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள் ஐயா. சூஃபிக் கவி பீர்முகம்மது அப்பாவின் பாடல்களை விடிய விடியக் கூடிப் பாடுகிற ஊர் உங்களுடையது. நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

திருவட்டாறிலிருந்து ஒரு அண்ணன்: எங்கள் பால்காய்ப்பில் மேளக்காரர் ஆஹிரி வாசித்துவிட்டார். ஆஹிரி பாடினால் அன்னம் கிடைக்காது என்பார்கள். மூன்றே மாதத்தில் போர்வெல் வற்றிவிட்டது. பரிகாரமாக எதை வாசிக்கச் சொல்லலாம்?

அண்ணன், கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு வலிக்கிறது. சியாமா சாஸ்திரி, தியாகராஜர், தீட்சிதர் மூவரும் ஆஹிரியில் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். கமலாம்பாள் மீது பாடிய நவாவரணம் என்ற வரிசையின் ஒன்பதாவது கீர்த்தனைக்குத் தீட்சிதர் எடுத்தது ஆஹிரியைத்தான். அம்பாள் சன்னதிக்கு ஆகிற ராகம் உங்கள் அடுக்களைக்கு ஆகாதா? நம் மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தோடு இருந்தது, 1956-ல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த ராஜ்யத்தை ஆண்ட சுவாதித் திருநாளும் ஆஹிரியில் பதம் என்ற வகைப் பாட்டு எழுதினவர். இந்த மண்ணுக்கு ஆஹிரி வேண்டிய ராகம். போர்வெல்லுக்கு நிலத்தடி நீர் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

அதே அண்ணன்: அப்படியென்றால் பெரியவர்கள் சொன்னது பொய்யா?

அப்பா சொன்ன விளக்கத்தைச் சொல்கிறேன். ஆஹிரி நிதானமான ராகம், விம்மி விம்மித்தான் நகரும். அவசரமாகத் தொட்டால் உடைந்துவிடும். காலையில் எடுத்தவன் அதிலேயே மூழ்கிச் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடுவான், அதனால் வந்த பேச்சு என்பார். எனக்கு அது சரியாகப் படுகிறது.

பூதப்பாண்டியிலிருந்து ஒரு தவில்காரர்: அண்ணாச்சி, போன வருஷம் ஒரு பால்காய்ப்பில் நீங்களே ‘வீட்டு விசேஷத்தில் முகாரி வேண்டாம்’ என்று எங்களைத் தடுத்தீர்கள். முகாரிக்கு ஒரு நியாயம், ஆஹிரிக்கு ஒரு நியாயமா?

நல்ல பிடி. ஆமாம், தடுத்தேன். அன்று அந்த வீட்டில் தகப்பனார் இறந்து வருஷம் திரும்பவில்லை. பிள்ளைகள் பாலைக் காய்ச்சும்போதே கண் கலங்கி நின்றார்கள். அங்கே முகாரி வாசித்திருந்தால் எல்லோரும் உடைந்திருப்பார்கள். முகாரி கெடுதல் என்று நான் சொல்லவில்லை, அந்தக் காலைக்கு ஒத்து வராது என்றேன். எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து ராகம் எடுப்பது வாசிக்கிறவன் கடமை. ராகத்தின் மேல் சாபம் ஏற்றுவது வேறு. அந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் நம் பிள்ளைகள் நான்கு ராகத்தோடு நின்றுவிடுவார்கள். இப்போதே அப்படித்தான் ஆகிவருகிறது. பால்காய்ப்புக்குக் கூப்பிடுகிறவர்கள் சினிமாப் பாட்டு இரண்டு, பிறகு கெட்டிமேளம், போதும் என்கிறார்கள். ஆஹிரி வாசிக்கத் தெரிந்த ஒரு மேளக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தார் என்றால் அண்ணன், அது உங்கள் பாக்கியம். அவரை மறுபடியும் கூப்பிடுங்கள்.

அஞ்சுகிராமத்திலிருந்து: ஸ்பீக்கரை எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும்?

திசையை வீட்டு ஆசாரியிடம் கேளுங்கள். தச்சு கழிப்பு என்ற சடங்கும் அவர் வேலைதான், அதை முடித்த பிறகே மேளம். ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: முகூர்த்தம் விடிகாலை நாலரை. குழாய் கட்டலாமா?

கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, 2000-ம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இருக்கலாம். அவர்கள் வயிற்றெரிச்சலோடு குடிபுகுந்து, பிறகு எதைச் சுத்தப்படுத்துவீர்கள்? நாலரைக்கு ஒற்றை ஆள் பாடட்டும். மேளம் ஆறு மணிக்குப் பிறகு வாசலில். ஒரு அறைக்குள் இரண்டு குழலும் இரண்டு தவிலும் சேர்ந்தால் காது தாங்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவில் பக்கத்தில் நிற்காதீர்கள்.

தோவாளையிலிருந்து: வில்லுப்பாட்டு வைக்கலாமா?

சாமி கதை என்றால் கோயில் கொடைத் திருவிழாவில்தான், அதற்குப் படைப்பும் முறையும் உண்டு. பொதுக் கதை என்றால் வீட்டு முற்றத்தில் வைக்கலாம். ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையையே வில்லில் பாடினார்.

கருங்கலிலிருந்து: யூடியூபில் ஓம் ஒலி ராத்திரி முழுக்க…

மேலே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெயர் ஊர் வேண்டாம் என்ற ஒரு அம்மா: மகள் வீடு கட்டியிருக்கிறாள். எனக்குப் பாட வரும். ஆனால் கணவர் இல்லை. அடுக்களைப் பக்கமே நிற்கட்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். சுருதிப் பெட்டியும் இல்லை. என்ன செய்யலாம்?

அம்மா, பால் காய்ச்சுவதே அடுக்களையில்தானே. முதல் பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும். அவளைத் தூங்க வைத்த பாட்டையே பாடுங்கள். உங்கள் சம்பந்தியிடம் ஒரு மேளக்காரர் சொன்னதாகச் சொல்லுங்கள், வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன். சுருதிப் பெட்டி தேவையில்லை. சாமான் வராத அடுக்களை நன்றாக முழங்கும். மெதுவாக முனகிப் பாருங்கள், ஓரிடத்தில் அறை உங்கள் குரலைத் திருப்பித் தாங்கும். அந்தச் சுருதியிலேயே எடுங்கள்.

உங்கள் பாட்டு முடிகிற வரை வாசலில் இருக்கும் மேளக்காரரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் நிற்பார்.