அலுமினா ஆலையில் வேலை: மகளை அனுப்பலாமா?

கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்த மகளுக்கு அலுமினா சுத்திகரிப்பு ஆலையில் பயிற்சிப் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. உலோகம் உருக்கும் இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே உலோகம் உருக்குவதே இல்லை. மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கும் உருக்காலை வேறு. அந்த உருக்காலைக்குத் தேவையான அலுமினா என்ற வெள்ளைப் பொடியைப் பாக்சைட் தாதுவிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் இந்த ஆலையின் வேலை. முழுக்க உங்கள் மகள் படித்த படிப்பு இது.

1888-ல் கார்ல் பேயர் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் நடக்கிறது. அரைத்த பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில், அழுத்தத்தில் வைத்தால் அலுமினா கரையும். இரும்பு ஆக்சைடு கரையாமல் செஞ்சேறாகத் தங்கிவிடும். தெளிந்த கரைசலை ஆறவைத்து விதைப் படிகங்களை (படிவதைத் தொடங்கிவைக்கும் சிறு படிகங்களை) சேர்த்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு மெல்ல மெல்லப் படியும். அதைக் கழுவி, ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் சுட்டால் அலுமினா. மிஞ்சிய காஸ்டிக் மறுபடி முதல் கட்டத்துக்கே போகும்.

படிக்கும்போது சுலபம்தான், நடத்துவதில்தான் சாமர்த்தியம். தாதுவில் இருக்கும் சிலிக்கா காஸ்டிக்கைத் தின்னும். அப்புறம் வெப்பமாற்றிக் குழாய்களுக்குள் கல்போல ஒட்டி, சூடு கடத்துவதையே கெடுக்கும். கரைசலில் காஸ்டிக்குக்கு எவ்வளவு அலுமினா என்ற விகிதம் இன்னொரு தலைவலி. அது அளவு மீறினால், சேறு பிரியும் தொட்டியிலேயே அலுமினியம் ஹைட்ராக்சைடு படிந்து, சேற்றோடு சேர்ந்து வீணாகிவிடும். விகிதம் குறைந்தாலோ அதே காஸ்டிக்குக்கு விளைச்சல் போதாது. கல்லூரி ஆய்வகத்தில் டைட்ரேஷன் (கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) செய்யும்போது அலுத்துக்கொண்டிருப்பார். இங்கே அந்த அளவீட்டை வைத்துத்தான் ஆலையையே ஓட்டுகிறார்கள். வேதியியலை ரசிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எனக்குத் தோன்றவில்லை.

ஆபத்தையும் மறைக்க மாட்டேன். சூடான காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, அவசர ஷவர் விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. செஞ்சேற்றைத் தேக்கிவைப்பது இந்தத் தொழிலின் பெரிய பிரச்சினை: 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்காவில் தேக்கத்தின் கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள். ஒரு டன் அலுமினா எடுத்தால் பெரும்பாலும் ஒரு டன்னுக்கு மேலேயே சேறு மிஞ்சும். அதைக் காயவைத்து அடுக்குவது, சிமென்ட்டில் சேர்ப்பது, அதிலிருந்து ஸ்காண்டியம் என்ற அரிய உலோகத்தை எடுப்பது என்று வேலைகள் நடக்கின்றன. மகளுக்கு ஆர்வமிருந்தால் சில வருடங்களில் இந்தப் பக்கம் நகரச் சொல்லுவேன். செய்யவேண்டியது இங்கேதான் நிறைய பாக்கி இருக்கிறது. நாளைக்கு வேறு துறைக்குப் போனாலும் வடிகட்டல், ஆவியாக்கல், படிகமாக்கல் அனுபவம் மருந்து, உரம், சர்க்கரை ஆலைகளில் கைகொடுக்கும்.

சேர்வதற்கு முன் நிறுவனத்திடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்: முதல் வருடம் எல்லாப் பிரிவுகளிலும் சுழற்றிப் போடுவார்களா, அல்லது ஒரே தொட்டியடியில் நிறுத்துவார்களா? இரவு ஷிஃப்ட் எப்போது தொடங்கும்? காஸ்டிக் பகுதிக்குள் அனுப்புவதற்கு முன் எத்தனை நாள் பாதுகாப்புப் பயிற்சி? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். தெளிவாகச் சொன்னால் தைரியமாக அனுப்புங்கள்.