கரை உடைந்த ஊறல் தண்ணீரும் கண்மாய் மீனும்: இசைவாணை எதுவரை காக்கும்?

கேள்வி: புதுவயல் பக்கத்தில் தாத்தா காலம் முதல் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறோம். நானும் என் தாயாரும் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும் பங்குதாரர்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் உள்ளது. வாரியத்தின் மாசு வகைப்பாட்டில் ஆரஞ்சு வகை, சிறுதொழில். நெல் ஊறல் தண்ணீரைச் சுத்திகரித்துத் தேக்கி வைத்து, சொந்தத் தென்னந்தோப்புக்குப் பாய்ச்சுகிறோம். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போயிருந்தபோது பெய்த மழையில் தேக்கத்தின் கரை தானாக உடைந்து, தண்ணீர் கண்மாய் வரத்துக்காலில் போய்விட்டது. இரண்டாம் நாள் கண்மாயில் மீன் செத்து மிதந்தது. மீன்பாசி குத்தகைதாரர் ஆறு லட்சம் ரூபாய் கேட்கிறார். கோயில் மரியாதைத் தகராறில் அவருக்கு எங்கள்மேல் பழைய பகை உண்டு. நான்கு நாள் கழித்து வாரியம் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரியில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் உயிர்வளியின், அதாவது ஆக்சிஜனின், அளவு) 28தான், வரையறை 30. போன ஆண்டு ஆய்வில் மார்ச் 31-க்குள் கரையை உயர்த்தச் சொல்லியிருந்தார்கள், செய்ய இயலவில்லை. மற்ற ஆலைகளும் தண்ணீர் விடத்தான் செய்கின்றன. இப்போது வாரியம் 15 நாளில் விளக்கம் கேட்டிருக்கிறது. குத்தகைதாரர்மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது. கோயில் மரியாதையை எந்தத் தீர்ப்பாயமும் விசாரிக்கப் போவதில்லை. மற்ற ஆலைகள் விடுகின்றன என்பது அந்த ஆலைகளுக்கு எதிரான புகாராகலாமே தவிர உங்களுக்கு எதிர்வாதமாகாது. உங்கள் நீண்ட கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வாக்கியம்: "தண்ணீர் கண்மாய் வரத்துக்காலில் போய்விட்டது." வழக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் கிடைக்கும் இசைவாணை, குறிப்பிட்ட தண்ணீரைக் குறிப்பிட்ட இடத்தில் விடுவதற்கான அனுமதி. உங்கள் அனுமதி தென்னந்தோப்புக்கு. வரத்துக்காலுக்கு உங்களிடம் எந்த அனுமதியும் இல்லை என்பதால், அங்கே போன தண்ணீர் 28 ஆனாலும் 8 ஆனாலும் அது இசைவில்லாத வெளியேற்றமே. நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் 30 என்ற அளவுகூட உங்களுடையதல்ல: பொது வரையறையில் ஆறு, குளங்களில் விடும் கழிவுநீருக்குப் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசனத்துக்கு நிலத்தில் விடுவதற்கு 100. மேலும், நான்கு நாள் கழித்துச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயில் எடுத்த மாதிரி, கரை உடைந்த அன்று தேக்கத்தில் புளித்துக் கிடந்த தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த அறிக்கையை முதல் இணைப்பாக வைத்துப் பதில் எழுதினால், படிக்கும் பொறியாளர் அடுத்துக் கேட்பது "அப்படியானால் வரத்துக்காலில் போனது எது?" என்பதுதான்.

ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் வாய்க்காலுக்கு ஆற்றுச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று இங்கே கட்சிக்காரர்கள் வழக்கமாகக் கேட்பார்கள். நீங்கள் கேட்கும் முன்னரே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, நீரோட்டம் என்பதற்குள் தற்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியையும், இயற்கையானதும் செயற்கையானதுமான உள்நாட்டு நீர்நிலைகளையும் சேர்த்தே சொல்கிறது. வரத்துக்காலும் கண்மாயும் அதற்குள் அடங்கும். 17-ஆம் பிரிவோ, ஆண்டின் பெரும்பகுதியில் கழிவைக் கரைக்கப் போதிய ஓட்டம் இல்லாத ஆறுகளைக் கருதியே கழிவுநீரை நிலத்தில் விடும் முறைகளை வகுக்க வேண்டும் என்று வாரியத்துக்குக் கட்டளையிடுகிறது. தேனாறும் மணிமுத்தாறும் விருசுழியும் ஓடும் மாவட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கும் அந்த வாசகம். உங்களுக்குத் தோப்பை மட்டும் காட்டி இசைவாணை கொடுத்ததன் காரணமும் அதுவே.

மீன் ஏன் செத்தது என்பதிலும் நீங்கள் எண்ணுவது போல இடமில்லை. ஐப்பசிப் புதுவெள்ளம் கண்மாய்க்கு வரும்போதுதான் கெண்டையும் கெளுத்தியும் சினையோடு ஓட்டத்தை எதிர்த்து ஏறுகின்றன. வரத்துக்கால் அவற்றுக்கு வழி, ஓரத்துப் புல்லும் கோரையும் முட்டையிடும் இடம். அதே வழியில் மாச்சத்து நிறைந்த ஊறல் தண்ணீர் வந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை இழுத்துக்கொள்கின்றன. மீன்வளத்துக்கு உரிய நீரில் கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்று மத்திய வாரியம் வகுத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் பெரிய மீன் மேலே வந்து வாய் பிளக்கும், முட்டையும் குஞ்சும் கண்ணுக்குத் தெரியாமலே அழியும். கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் நூற்றுக்கு 90 பிழைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவரையறையில் இருக்கிறது. ஆலைக்காரர்கள் பி.ஓ.டி. எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திவிடுவதால் இந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்ணில் படும். புதுவெள்ளம் இழுத்து வரும் சருகும் சாணமும்கூட உயிர்வளியைக் குறைக்கும் என்ற வாதம் உங்களுக்கு உண்டு. அது இழப்பீட்டுத் தொகையைக் குறைக்க உதவும், பொறுப்பிலிருந்து விடுவிக்க உதவாது.

மழையைக் காரணம் காட்டுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. "தெரிந்தே" நீரோட்டத்தில் மாசு சேரச் செய்வதையும் சேர விடுவதையும் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. போன ஆண்டு ஆய்வுக் குறிப்பு இல்லாதிருந்தால் "தெரியாது" என்று வாதாட வழி இருந்திருக்கும். கரை தாங்காது என்று எழுத்தில் சொல்லி, தேதியும் குறித்துக் கொடுத்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. அடுத்தது 31-ஆம் பிரிவு: எதிர்பாராத நிகழ்வால் மாசு நீரோட்டத்தில் கலந்தால், கலக்க வாய்ப்பிருந்தாலும்கூட, ஆலைப் பொறுப்பாளர் உடனடியாக வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தெரிவிக்கவில்லை, மீன் தெரிவித்தது. விபத்து என்றே வைத்துக்கொண்டாலும், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(3) பிரிவு விபத்தில் யார்மேல் தவறு என்று பார்க்காமலே பொறுப்பைச் சுமத்துகிறது.

இனிப் பணம். உங்கள் மனத்தில் இருப்பது குத்தகைதாரர் கேட்கும் ஆறு லட்சம் மட்டுமே. அதைவிடப் பெரிய கணக்கு இன்னொன்று இருக்கிறது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் இழப்பீட்டு வாய்ப்பாட்டில் ஆரஞ்சு வகைக்கு 50, ரூபாய்க் காரணி 250, சிறுதொழிலுக்கு 0.5, பெருநகரம் அல்லாத இடத்துக்கு 1 என்று பெருக்கினால் ஒரு நாளைக்கு 6,250 ரூபாய் வருகிறது. எத்தனை நாள் என்பதே கேள்வி. மீறல் கண்டறியப்பட்ட நாளிலிருந்தோ, உத்தரவை நிறைவேற்றக் கொடுத்த கெடு முடிந்த நாளிலிருந்தோ, சரிசெய்ததை வாரியம் நேரில் பார்த்து உறுதி செய்யும் நாள்வரை எண்ண வேண்டும் என்பது முறை. மார்ச் 31 கெடுவை வைத்து எண்ணினால் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே 214 நாள். தொகை 13,37,500 ரூபாய். வாரியம் கட்டாயம் அப்படித்தான் எண்ணும் என்று நான் சொல்லவில்லை, எண்ண இடமிருக்கிறது என்கிறேன். இழப்பீடு விதிக்க வாரியத்துக்கு அதிகாரமே இல்லை என்று யாரேனும் உங்களுக்குத் தைரியம் சொல்லியிருந்தால், 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம், உரிய விதிகள் வகுத்தபின் நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவின் கீழ் வாரியங்கள் இழப்பீடு விதிக்கலாம் என்று தீர்ப்பளித்திருப்பதை அவரிடம் சொல்லுங்கள். அதே 33-ஏ பிரிவில்தான் ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவு வருகிறது. நெல் வரத்து நாளில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே இன்று செய்ய வேண்டிய முதல் வேலை கரையை உயர்த்துவது. அதற்கு முன் உடைப்பைத் தேதியோடு படம் எடுத்து அளந்து வையுங்கள். வேலை முடிந்த அன்றே, நேரில் வந்து பார்க்குமாறு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். படமும் எடுக்காமல் இரவோடு இரவாக மண் தள்ளி மூடுகிறவர்கள் உண்டு. அது தடயத்தை அழித்ததாகப் படிக்கப்படும். மூடிவிட்டு யாரையும் அழைக்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கட்சிக்காரர்கள் அதிகம் விழும் குழி, விளக்க அறிவிப்புக்கு எழுதும் பதில். கோபத்தில் எழுதுகிறவர் "எங்கள் ஆலையிலிருந்து ஒரு சொட்டும் வெளியேறவில்லை" என்று எழுதுவார். பயத்தில் எழுதுகிறவர் "மன்னிக்கவும், இனி நடக்காது" என்று எழுதுவார். இரண்டும் வழக்கைத் தோற்கடிக்கும், முன்னது இன்னும் வேகமாக. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் சொட்டும் வெளியேறவில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தபின், சுத்திகரிப்பு நிலையத்துக்கென்று தனியாக வைத்த மின்மீட்டரின் அளவு அந்த வாரம் முழுவதும் அசையாமல் நின்றதை வாரியம் எடுத்துக் காட்டியது. அதன் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை. உங்களுக்கும் அதே மீட்டர் இருக்கும். தீபாவளி விடுமுறையில் அது ஓடியதா, தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, கண்காணிக்க யார் இருந்தார் என்பதை நாள்பதிவேட்டிலிருந்து எடுத்து எனக்கோ உங்கள் வழக்கறிஞருக்கோ காட்டுங்கள். பதிவேட்டை இப்போது உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். ஒரே மையில் ஒரே கையெழுத்தில் பதினைந்து நாள் எழுதப்பட்ட பதிவேட்டை எந்த அதிகாரியும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். பதிலில் நடந்ததை நடந்தபடி, குறைந்த சொற்களில், மழையளவோடும் செய்து முடித்த வேலையின் ரசீதுகளோடும் சொல்ல வேண்டும். குத்தகைதாரர் பெயர் அதில் எங்கும் வரக்கூடாது.

மாதிரி எடுத்த முறையில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதே. உடனடி அறிவிப்பும் இரண்டாகப் பிரித்து முத்திரையிடுவதும் இல்லாமல் எடுத்த மாதிரியின் முடிவைச் சட்ட நடவடிக்கையில் சான்றாக ஏற்க முடியாது என்று நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. குற்ற வழக்கில் அது பலமான ஆயுதம். ஆனால் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சிய விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று அதன் சட்டத்தின் 19-ஆம் பிரிவே கூறுவதால், அங்கே மீன் மிதக்கும் கைப்பேசிப் படமும் மீன்வளத் துறை அலுவலரின் குறிப்பும் போதும். 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் புகார் இருந்தால் அதைக் கண்டு கலங்க வேண்டாம். மீனைக் கொல்லும் எண்ணத்தோடு நஞ்சு கலந்திருந்தால்தான் அதன் 5-ஆம் பிரிவு பொருந்தும்.

குத்தகைதாரரோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக அவருக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்றே கட்டணம், அதாவது ஆறு லட்சத்துக்கு ஆறாயிரம் ரூபாய். நீங்களோ தென் மண்டல அமர்வு இருக்கும் சென்னைக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வர வேண்டும். ஆறு லட்சத்தை அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. ஏலத் தொகை, விட்ட குஞ்சுகளின் ரசீது, மீன்வளத் துறையின் மதிப்பீடு ஆகிய மூன்றையும் மேசையில் வைத்தால் தொகை இறங்கும். ஒரு பகுதியைப் பணமாகவும், ஒரு பகுதியை அடுத்த பருவத்துக்குக் கெண்டைக் குஞ்சு விடும் செலவாகவும் பேசலாம்; ஊரும் அதை வரவேற்கும்.

சமரசத்திலும் குழி உண்டு. ஏலம் ஒருவர் பெயரில் இருக்கும், பணம் போட்டவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு மறுபடியும் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கூட்டாளிகளின் கையெழுத்தும் வேண்டும். பணம் வங்கி வழியே போக வேண்டும். ஊர்த் தலைவரான அம்பலகாரர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கொடுத்த பணத்துக்கு எந்தக் கணக்கும் இருக்காது. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கப்படுகிறது என்றும், இதே இழப்புக்குத் தீர்ப்பாயம் பின்னர் தொகை விதித்தால் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "வாரியத்திடம் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவார்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் உறவினர்கள் வற்புறுத்துவார்கள். சேர்த்தால், புகாரை விலைக்கு வாங்கியதாக அந்தத் தாளே சாட்சி சொல்லும். அவர் திரும்பப் பெற்றாலும் பயனில்லை. வாரியத்தின் நடவடிக்கை அவருடையதல்ல. தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்துவிட்டதால், நாளிதழில் மீன் மிதக்கும் படம் ஒன்று வந்தாலே போதும். அவருக்குக் கொடுப்பது அவருடைய இழப்புக்கு, வாரியம் கேட்பது சுற்றுச்சூழலுக்கு. ஒன்றைக் கட்டியதால் மற்றது தீராது.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். நீர்ச் சட்டத்தின் 58-ஆம் பிரிவும் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் அந்தக் கதவை மூடிவைத்திருக்கின்றன. 33-ஏ உத்தரவு வந்தால் மேல்முறையீடு பசுமைத் தீர்ப்பாயத்துக்கே, அதுவும் 30 நாளுக்குள்.

கடைசியாக, உங்கள் தாயாரைப் பற்றி. நீர்ச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூட்டாண்மை நிறுவனத்தையும் நிறுமமாகவே (கம்பெனியாகவே) கருதி, சம்பவ நாளில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களைக் குற்றவாளியாக்குகிறது. ஆலையை அன்றாடம் நடத்துவது நீங்கள் ஒருவரே என்பது கூட்டாண்மைப் பத்திரத்திலும் வாரியத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், விளக்கப் பதிலில் உங்கள் கையெழுத்து மட்டுமே இருக்கட்டும். தாயாரையும் தம்பியையும் சேர்த்துக் கையெழுத்திட வைக்க வேண்டாம். இல்லையென்றால், பதில் எழுதும் முன் பத்திரத்தோடு வந்து பாருங்கள். பதினைந்து நாளில் எத்தனை நாள் போய்விட்டது என்று உங்கள் கடிதத்தில் இல்லை.