வினாப்படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன்

கேள்வி: அம்மா, எனக்கு 41 வயது. கோவில்பட்டிப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். எம்.எட்.டில் 61.4 சதவீதம். கல்வியியலில் பகுதிநேர பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். தலைப்பு, ‘தொடக்க நிலை மாணவர்களின் வாசிப்புத் திறனில் பெற்றோர் ஈடுபாடு’. நாற்பது வாக்கியங்கள் கொண்ட வினாப்படிவமும் தயார், ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸோடு இணைத்திருக்கிறேன். கைடாக இருக்க ஒரு பேராசிரியர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். அவர் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என் மனைவிதான் ‘இப்போ எதுக்கு இது’ என்று முகம் சுளிக்கிறாள். பையன் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தமிழ் இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை. அதற்கு டியூஷன் போட்டாயிற்று, மற்றதை அவள் பார்த்துக்கொள்கிறாள். ஆகவே மாலை நேரம் முழுக்க எனக்குக் கிடைக்கும். நாளைக்கு அவன் ‘எங்கப்பா டாக்டர்’ என்று சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும். இந்த வயதில் சேரலாமா? மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வினாப்படிவத்தை ஒரு பிரதி எடுத்து, கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பெயரிலேயே நிரப்ப ஆரம்பித்தேன். நான்காவது வாக்கியம், ‘குழந்தையின் அருகில் அமர்ந்து தினமும் வாசிக்கக் கேட்கிறேன்’. எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை என்று எதிரே ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். பதினோராவது, ‘வகுப்பாசிரியரைச் சந்தித்துக் குழந்தையின் முன்னேற்றத்தை விசாரிக்கிறேன்’. ‘மற்றதை அவள் பார்த்துக்கொள்கிறாள்’ என்று நீங்களே எழுதிவிட்டதால் அதற்கும் கடைசிக் கட்டம்தான். இருபத்துமூன்றாவது, ‘குழந்தை எந்த எழுத்துகளில் தடுமாறுகிறது என்பதை அறிவேன்’. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘சரளமாக வரவில்லை’ என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அதோடு பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் அளவுகோல்படி நீங்கள் ‘ஈடுபாடு குறைந்த பெற்றோர்’. ஆனால் சினாப்சிஸில் அந்தப் பெயரை யாருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்? தீப்பெட்டி ஆபீசுக்கும் கட்டட வேலைக்கும் போகிற தாய் தகப்பன்மாருக்கு. ‘தினக்கூலிப் பெற்றோரிடம் ஈடுபாடு குறைவாக இருக்கும் எனக் கருதப்படுகிறது’ என்று கருதுகோளிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறி, இருட்டின பிறகு வந்து அடுப்பு பற்றவைக்கிறவளுக்கு ‘அரிதாக’. நாலரைக்கு வீட்டுக்கு வந்து, மாலை முழுக்க ஓய்வாக இருக்கிற எம்.எட். படித்த தகப்பனுக்கு எந்தக் கட்டம்?

முப்பது வருடம் பி.எட்., எம்.எட். வகுப்பு எடுத்தவள் நான். சேர்க்கை நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ‘ஈடுபாடு’, ‘மனப்பாங்கு’, ‘அடைவு’ இந்த மூன்று சொல்லையும் இடம் மாற்றி மாற்றிப் போட்ட ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. முன்னூறு படிவம் கொடுத்து, இருநூற்று எண்பது திரும்பி வந்து, புள்ளியியல் கணக்கில் டி-மதிப்பு பார்த்து, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ என்று முடிப்பார்கள். அந்த ஆய்வுக்குப் பிறகு ஒரு பிள்ளையாவது கூடுதலாக ஒரு வரி வாசித்தானா என்று கேட்டால் பதில் இருக்காது. உங்களுடையதும் அந்த அலமாரிக்குத்தான் போகும்.

நீங்கள் நிஜமாகக் கேட்டவற்றுக்குச் சட்டுபுட்டென்று பதில் சொல்லிவிடுகிறேன். வயது ஒரு தடையே இல்லை; வயது வரம்பு இளநிலை ஆய்வாளர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத்தான், சம்பளம் வாங்குகிற உங்களுக்கு அது தேவையும் இல்லை. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கொண்டுவந்த விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பள்ளி நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். முதுநிலையில் 55 சதவீதம் கேட்கிறார்கள், உங்களிடம் இருக்கிறது. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. கோர்ஸ் ஒர்க் என்று வகுப்புப் பாடம் உண்டு, அதற்கு நேரில் போய் உட்கார வேண்டும். அஞ்சல் வழியில், ஆன்லைனில் பி.எச்டி. என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்குப் போடுவார்கள். 2024 ஜூன் முதல் தேசியத் தகுதித் தேர்வான நெட் மதிப்பெண்ணையும் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மதிப்பெண் ஒரு வருடம் செல்லும்.

கைடு விஷயத்தில் நன்றாக ஏமாறப் பார்த்தீர்கள். ஓய்வுபெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருக்கிறவர் புதிதாக ஆய்வு மாணவரை எடுக்கக் கூடாது என்று அதே விதிமுறை சொல்கிறது. அவர் வாய்மொழியாகத் தலையாட்டினது மரியாதைக்காக இருக்கலாம், மறதியாகவும் இருக்கலாம். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நாலு பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். அதனால் காலியிடம் இருக்கிற ஓர் இணைப் பேராசிரியரையோ உதவிப் பேராசிரியரையோ தேடுங்கள். ‘வாங்க, பார்த்துக்கலாம்’ என்று சொல்கிறவரை விட, சினாப்சிஸை வாங்கிச் சிவப்பு மையில் கிழித்துத் தருகிறவர் நல்ல கைடு.

இனி பையன் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அவனுக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி. எனக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அவனுக்கு எது வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் ஊகிக்க முடியும். எங்கள் காம்பவுண்டில் ஒரு குட்டிப் பெண், அவளும் மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்கு வந்துவிடுவாள். பாடத்தை ஆரம்பித்தால் கடகடவென்று ஒப்பிப்பாள், கேட்கிறவர் அசந்துபோவார்கள். நான் விரலைப் பார்த்தேன். வாய் நாலாவது வரியில் இருக்கிறது, விரல் இரண்டாவது வரியில் நிற்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன’ என்றதும் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சொல் ‘கொய்யா’. தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ‘கெ’ என்றாள், நிறுத்தினாள், பக்கத்தில் இருந்த துணைக்காலைப் பார்த்து ‘ஆ’ என்றாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். காதுக்கு அது ஒரே சத்தம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரிந்து நிற்கிறதைச் சேர்த்துப் பார்க்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர வேண்டும். பதினைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி முடிக்கிற டியூஷனில் இதற்கு யாருக்கு நேரம்? எனக்கே அவள் விரலைக் கவனிக்க நாலு நாள் ஆயிற்று.

அரசுப் பள்ளிகளில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கினார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போனதைப் பிடிக்க, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்த ஆரம்பித்தார்கள். திட்டத்தைப் பற்றி என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் இந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து ஆரம்பிக்கிற புத்தி அதில் இருக்கிறது. மெட்ரிக் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுகிற நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பையன் அரும்பா, மொட்டா?

தம்பி, என்னுடையது பழைய கொள்கை. பிள்ளையின் எழுத்து தகப்பன் கடன். கையைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைத்ததோடு அந்தக் கடன் தீராது; அவன் தானாக ஒரு கதையைப் படித்துவிட்டுச் சிரிக்கிற வரைக்கும் இருக்கிறது. தாய் பார்த்துக்கொள்வாள் என்பது ஒரு வசதியான பேச்சு. அவர் சமையலையும் பார்த்து, துணியையும் பார்த்து, நடுவில் இதையும் பார்க்க வேண்டும். தொழில்முறையில் ஆசிரியரான நீங்கள் உள் அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு ‘பெற்றோர் ஈடுபாடு’ எழுதுவீர்கள். அவர் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்? புரியவைக்க ஒன்றுமில்லை, அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. ‘எங்கப்பா டாக்டர்’ என்று பையன் சொல்ல வேண்டுமாம். அவன் எழுத்துக்கூட்டி ‘டாக்டர்’ என்று வாசிக்கட்டும் முதலில்.

உடனே ‘சரி, ஆய்வை விட்டுவிடுகிறேன்’ என்று ரோஷப்பட்டு எழுதாதீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. இந்த முறை மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். நெட் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, எங்கும் ஓடிவிடாது. டியூஷனை நிறுத்துங்கள். தினமும் அரை மணி, பையன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், நாற்காலியில் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, அவன் நின்ற சொல்லை மட்டும் எழுதுங்கள். தப்பைத் திருத்துவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். எந்த எழுத்தில் நின்றான், ஊகித்தானா, படத்தைப் பார்த்தானா, உங்கள் முகத்தைப் பார்த்தானா. ‘பகல்’ என்பதில் இருக்கிற ‘க’வையும் ‘கல்’லில் இருக்கிற ‘க’வையும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்கிறானா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை மனைவியிடம் காட்டுங்கள். இத்தனை நாள் பார்த்தவர் அவர், உங்கள் கண்ணுக்குப் படாதது அவருக்குப் பட்டிருக்கும்.

மூன்று மாதம் போனால் உங்களிடம் ஒரு நிஜமான கேள்வி இருக்கும். அந்தத் தாய் தகப்பன்மாரிடம் அப்புறம் போங்கள், படிவத்தோடு இல்லை, அந்த நோட்டோடு. இருட்டின பிறகு வருகிற தாய்க்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையோடு என்ன செய்யலாம், எழுத்தே தெரியாத தகப்பன் பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமா போதாதா. இப்படி ஒரு கேள்வியோடு நேர்முகத்துக்கு ஒருவர் வந்திருந்தால் நாங்கள் டீயை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

அந்த நாற்பது வாக்கியங்களை டைப் அடிக்க எவ்வளவு கொடுத்தீர்களோ, அந்தப் பணம் போனது போனதுதான்.

தடையில்லாச் சான்றுக்கு மட்டும் நாளைக்கே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உதவிபெறும் பள்ளிகளில் செயலாளர் கையெழுத்து எவ்வளவு வேகமாக வரும் என்று உங்களுக்கே தெரியும். அது கைக்கு வருவதற்குள் பையன் மூன்றாம் பருவப் புத்தகத்துக்கு வந்திருப்பான்.